சிவப்பு லைற்றோடு ஈச்சிலம்பற்றுக்கு

காலை ஆறரை மணிக்குத் திருகோணமலைப் பட்டினத்தை விட்டுப் புறப்பட்டோம். ஈச்சிலம்பற்றுக்கு நாற்பது மைலுக்குச் சற்றுக் கூட வரும். தூரத்தைக் கேட்டுவிட்டு இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று எண்ணுபவர்கள் இந்தப் பக்கம் வந்தறியாதவர்கள். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று நான்கு துறைகளில் பாதை ஏறி இறங்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனத்தையும் ஆளையும் ஏற்றி நீரைக் கடத்துகிற இரும்பு மிதவையை. இவ்வளவும் கடந்தால் மூதூருக்கு அப்பால் பெரிய சென்றி, இராணுவத்தின் சோதனைச் சாவடி. அதற்குப் பிறகு அரசாங்கத்தின் ஆட்சி இல்லை, இயக்கத்தின் ஆட்சி. சென்றியைப் பின்னேரம் நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். மறுநாள் திறப்பார்களா என்பது முதல்நாள் இரவு எங்கே வெடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தம்பி பாலன் ஈச்சிலம்பற்றில் மூன்று ஏக்கர் சிறுபோக நெல் செய்திருந்தான். பயிர் கதிர் தள்ளுகிற நேரம். ஆடி மாதக் கச்சான் காற்று வயலில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெருகல் ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. அதை இறைக்கிற பம்பும் இருக்கிறது. பம்புக்குப் போட ஒயில் இல்லை. இருந்த ஒயில் கறுத்துக் காய்ந்து, இதற்கு மேல் ஓட்டினால் என்ஜின் இறுகிவிடும் என்று நிறுத்தி வைத்திருந்தான். நாலைந்து நாளுக்குள் தண்ணீர் கட்டாவிட்டால் முழுப் பயிரும் பதராகும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான்.

என்ஜின் ஒயில் அந்தப் பக்கம் போகக் கூடாத சாமான். பற்றரி, சீமெந்து, மண்ணெண்ணெய் வரிசையில் அதுவும் யுத்தத் தளபாடம். நான் இருபது வருஷம் கணக்குப் படிப்பித்த ரீச்சர். களவாகக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, இன்னோர் அலுவலகத்தில் காத்துக் கிடந்து, ஒரேயொரு போத்தல் ஒயிலுக்கு அனுமதிக் கடிதம் வாங்கினேன். அந்தக் கடிதமும் போத்தலும் என் மடியில் இருந்தன.

வாடகைக் கார்க்காரர் மரியதாஸ் அண்ணை. காரும் அவருடையதே, பழைய இங்கிலாந்துக் கார், அவருடைய ஐந்து பிள்ளைகளுக்கும் சோறு போடுவது அதுதான். சென்றிகளில் எல்லாரும் அறிந்த முகம். ஏறும்போதே அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: கடிதத்தில் இல்லாத ஒன்றும் இந்தக் காரில் வரக் கூடாது. “ஓம் ரீச்சர்” என்றார். இவ்வளவு பணிவாகச் சொல்கிறாரே என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சீனக்குடாவை நெருங்கும்போது அவருக்கு முன்னாலிருந்த தட்டில் சிவப்பு லைற் ஒன்று மினுக்கென்று பத்தியது. அணைந்தது. மறுபடி பத்தியது. என்ன அது என்று கேட்டேன். ஒயில் அமுக்கம் குறைந்தால் பத்துகிற லைற், என்ஜினுக்குள் ஒயில் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம் என்றார். சொல்லும்போது முகம் வெளிறிவிட்டது. காரை ஓரங்கட்டினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் லைற் இல்லை. இரண்டு மைல் ஓடியதும் மறுபடி மினுக்கியது.

நாங்கள் நின்ற இடத்தில் வீதிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள்ளே வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் நின்றன. கப்பற்படைக்கெல்லாம் எண்ணெய் ஊற்றவென்று கட்டியவை. ஒவ்வொன்றும் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தைவிடப் பெரிது. அவற்றுக்கு முன்னால் மடியில் ஒரு போத்தல் ஒயிலையும் அதற்கு ஒரு கடிதத்தையும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 

வீதியோரத்தில் ஒரு கராஜ் இருந்தது. அங்கிருந்தவர் மூடியைத் திறந்து, என்ஜினைச் செவி கொடுத்துக் கேட்டுவிட்டு, என்ஜினில் பிழையில்லை, லைற்றுக்குப் போகிற சுவிச்தான் பழுது என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லி முடிக்க முன்னமே ஒரு வயரைப் பிடுங்கிவிட்டார். லைற் பத்தவில்லை. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்தார். காய்ச்சல் பார்க்கிற கருவியை உடைத்தால் காய்ச்சல் மாறிவிடுமா என்று கேட்டேன். இந்த நாட்டில் எல்லாப் பிரச்சினைக்கும் இதே வைத்தியம்தானே நடக்கிறது. வயரைத் திரும்பப் பூட்டுவித்த பிறகுதான் காரில் ஏறினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருக்கவில்லை.

கிண்ணியாத் துறையடியில் பாதை அக்கரையில் நின்றது. இராணுவ வாகனங்களை ஏற்றியபின்தான் சனத்துக்கு இடம். வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் காய்ந்தோம். மீன் பெட்டி கொண்டுவந்த ஒருவர் ஐஸ் உருகுகிறதே என்று யாரிடம் சொல்வதென்று தெரியாமல் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கரையில் இறங்கிக் காரை எடுத்தபோது லைற் பத்தவில்லை. நின்று ஆறினால் அணைகிறது, ஓடிச் சூடேறினால் பத்துகிறது என்பதை நான் கவனித்து மரியதாஸ் அண்ணையிடம் சொன்னேன்.  பின்கண்ணாடியில் பார்த்தால் காருக்குப் பின்னால் நீலப் புகை இழுபட்டது.

கிண்ணியாவில் அவருக்குப் பழக்கமான மெக்கானிக் ஹனீபா நானாவிடம் நிறுத்தினோம். நானா அவசரப்படவில்லை. லைற் எப்போது பத்துகிறது, எப்போது அணைகிறது என்று கேட்டார். நான்தான் சொன்னேன். சுவிச் இருந்த இடத்தில் அமுக்கம் பார்க்கிற மணிக்கூட்டைப் பூட்டி என்ஜினை உறுமவிட்டார். முள் நல்லாய் ஏறி நின்றது, என்ஜின் சூடாகச் சூடாக நடுங்கியது, பிறகு விழுந்தது. அப்போ லைற் பொய் சொல்லவில்லை. சுவிச்சில் பிழையில்லை. என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்தார். மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடைக்கு ஒயில் நின்றது. அதன் மேல் மோர் நுரைபோல நுரை.

“மரியதாசு, இதென்ன, குளம் கட்டி வச்சிருக்காய்?” என்றார் நானா. “கூடின ஒயிலை உள்ளுக்குச் சுத்துறது மத்துப் போலக் கடையிது. நுரையைத்தான் பம்ப் உறிஞ்சிது. நுரையில என்ன அமுக்கம் இருக்கும்? ரெண்டு போத்தலைக் கழட்டு, லைற்றும் பத்தாது, புகையும் வராது.”

எனக்கு மனம் குளிர்ந்தது. தாச்சிச் சட்டி எடுத்து வந்து, அடியில் ஒரு ஆணியைக் கழற்றினால் போதும். மரியதாஸ் அண்ணை ஏலாது என்றார். ஏன் ஏலாது என்று நானா கேட்டார், நான் கேட்டேன். அந்தப் பக்கம் ஒயில் வாங்கக் கிடையாது, கூட நின்றால்தான் தனக்குத் தைரியம் என்று ஏதோ சொன்னார். கூடினால்தான் என்ஜின் போய்விடும் என்று இவ்வளவு நேரமும் நானா சொன்னது காதில் ஏறவில்லையா என்று நான் கத்தினேன். மெதுவாக ஓட்டுவேன், லைற் பத்தினால் நிறுத்தி ஆறவிடுவேன் என்றார். நானா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவிச்சைத் திரும்பப் பூட்டி மூடியைச் சாத்தினார். இரண்டு ஆண்களும் சேர்ந்து என்னை ஏதோ ஒன்றிலிருந்து விலக்கி வைக்கிறார்கள் என்று மட்டும் விளங்கியது. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அதன் பிறகு நாங்கள் போனது பயணமில்லை, தவம். இரண்டு மைல் ஓடுவோம், லைற் மினுக்கும், நிறுத்துவோம். உப்பாற்றில் காத்திருந்தோம், கங்கையில் காத்திருந்தோம், இறால்குழியில் பாதை இழுக்கிற கம்பி சிக்கிக் காத்திருந்தோம். ஒவ்வொரு சிறு சென்றியிலும் இறங்கி, அடையாள அட்டை காட்டி, காருக்கு முன்னால் நடந்து கடந்து, திரும்ப ஏறினோம். என்ஜின் இறுகினால் நடுக்காட்டில் நிற்போம், நாலு மணி தாண்டும், தம்பியின் பயிர் கருகும் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். காரின் சொந்தக்காரர் லைற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினார். 

பெரிய சென்றிக்கு மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பைகளைக் கொட்டினார்கள். சீற்றைக் கழற்றினார்கள். பெற்றோல் தாங்கிக்குள் கம்பி விட்டு அளந்தார்கள். திரும்பி வரும்போது குறைய வேண்டியதற்கு மேல் குறைந்திருந்தால் அந்தப் பக்கம் கொடுத்துவிட்டோம் என்று பிடிப்பார்களாம். என்ஜின் மூடியைத் திறந்து இடுக்குகளில் டோர்ச் அடித்தார்கள். புகை ஏன் என்று ஒருவன் கேட்டான். பழைய கார் என்றார் மரியதாஸ் அண்ணை.

நான் போத்தலையும் கடிதத்தையும் நீட்டினேன். கடிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்கள். உள்ளே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். “ஒயில் பே, மிஸ்” என்றான் ஒருவன். பே என்றால் ஏலாது. கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, உங்கள் ஆட்களே தந்த கடிதம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இன்றைக்குப் புதுக் கட்டளை வந்திருக்கிறது, போகும்போது வைத்துவிட்டுப் போ, வரும்போது எடுத்துக்கொண்டு போ என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. வயலுக்குப் போகிற ஒயிலை வரும்போது எடுத்து நான் தலைக்கா வைக்கிறது? மணல் மூட்டைக்குப் பக்கத்தில் போத்தலை வைத்துவிட்டு, கடிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு காரில் ஏறினேன்.

அங்கிருந்து ஈச்சிலம்பற்று வரைக்கும் அழுதேன். துக்கத்தால் வந்த அழுகை அல்ல. இவ்வளவு நாளும் சட்டம் சட்டம் என்று நின்ற என் மண்டையை எங்கேயாவது மோதலாமா என்றிருந்தது. சிவப்பு லைற் இரண்டு தரம் பத்தி அணைந்தது. அதைப் பார்க்கவும் எனக்கு மனமிருக்கவில்லை.

பொழுது சாய முன்னம் பாலனின் வயலுக்குப் போனோம். கட்டிப்பிடித்து அழவும் அவனுக்கு நேரமில்லை. ஒயில் வந்ததா என்றுதான் முதலில் கேட்டான். நான் கடிதத்தைக் காட்டினேன். அவன் வயலைப் பார்த்தான். ஓரத்துப் பயிர் ஏற்கனவே நுனி சுருண்டு நின்றது.

மரியதாஸ் அண்ணை எங்கள் இருவரையும் கவனிக்காமல் சாறனை மடித்துக் கட்டி, ஒரு தாச்சி கேட்டு வாங்கிக்கொண்டு காருக்குக் கீழே புகுந்தார். ஆணியைத் திருகினார். தாச்சியில் ஒயில் இறங்கியது. கறுப்பு ஒயில் அல்ல, தேன் நிறத்தில் புது ஒயில். முதல்நாள் பின்னேரம் முழு ஒயிலையும் மாற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஒரு போத்தலுக்குப் பிடித்தார், இன்னொரு போத்தலுக்கும் பிடித்தார், ஆணியைப் பூட்டினார். வெளியே வந்து கம்பியை இழுத்துப் பார்த்தார். மேல்கோட்டில் சரியாக நின்றது.

“ஒண்டு உங்களுக்கு, மற்றது பக்கத்துக் காணிக்கு” என்று பாலனிடம் கொடுத்தார்.

 எனக்கு ஏச்சுத்தான் வந்தது. ஐந்து பிள்ளைகளின் சோற்றை இப்படியா அடுப்பில் வைப்பது, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீங்கள் சென்றியில பிடிபட்ட கள்ளி மாதிரி முழுசுவியள், ரீச்சர்” என்றார். “ஒவ்வொரு முறையும் ஒரு போத்தல்தான் கூட விட்டுக்கொண்டு வாறனான். ஒரு நாளும் லைற் பத்தினதில்லை. இந்த முறை தம்பி அனுப்பின ஆளும் பக்கத்துக் காணிக்காரருமா ரெண்டு பேர் கேட்டவை. ஏலாதெண்டு சொல்ல மனம் வரேல்லை.”

பாலன் ஒயிலை ஊற்றிப் பம்பை இழுத்தான். மூன்றாம் இழுப்பில் பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அன்றிரவு அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் காலை திரும்பினோம். சென்றியில் என் போத்தலைக் கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணல் மூட்டைக்குப் பின்னால் ஜெனறேற்றர் ஒன்று சீராக ஓடிக்கொண்டிருந்தது. முடிந்துவிட்டது என்றான் ஒருவன். நேற்று மிஸ் என்று சொன்ன அதே ஆள். கடிதத்தைத் தரட்டா, அதுவும் உங்களுக்கு உதவுமா என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை.

நாலு துறையும் கடந்தோம். சிவப்பு லைற் ஒரு தரமும் பத்தவில்லை. புகையும் இல்லை. சீனக்குடாவில் அந்தத் தாங்கிகள் அதே இடத்தில் நின்றன. பட்டினத்துக்குள் நுழைந்தால், முதற் கடையின் அலுமாரியிலேயே ஒயில் தகரங்கள் மூன்று தட்டில் அடுக்கியிருந்தன. வாங்க ஆளில்லாமல் தூசி படிந்திருந்தது. நாற்பது மைல் தள்ளி ஒரு போத்தலுக்கு ஒரு மனுஷன் தன் காரையே பணயம் வைக்கிறான். இதை எந்தக் கணக்கில் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது?

வீட்டு வாசலில் இறங்கும்போது, அறுவடைக்கு முன் பாலனின் பம்புக்கு இன்னொரு தரம் ஒயில் தேவைப்படும் என்றார் மரியதாஸ் அண்ணை. இந்தத் தரமும் கடிதம் எடுப்பீர்களா என்று கேட்டார்.

“கடிதம் வேண்டாம்” என்றேன். “ஆனால் ஒரு போத்தல்தான் கூட விடவேணும், அண்ணை. லைற் பத்தினா நான் முழுசுவன்.”