அக்கா எடுத்த காஜா

கை போனால் எவ்வளவு, கால் போனால் எவ்வளவு என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. வக்கீல் ஆபீசில் பத்தொன்பது வருஷமாகக் குமாஸ்தா. விபத்தில் அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு வந்தால், மனுவில் என்ன தொகை போடுவது என்று நான்தான் எழுதித் தருவேன். மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். வயதுக்கென்று ஓர் எண் உண்டு, அதாலும் பெருக்க வேண்டும். கடைசியில் டாக்டர் எத்தனை சதவீதம் ஊனம் என்று எழுதுகிறாரோ, அந்தப் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கோர்ட்டு வராண்டாவில் எனக்குத் தராசு என்று பட்டப்பெயர். அதைக் கேட்டு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், அக்காவின் கை அந்தக் கணக்குக்குள் வரும்வரை.

அக்கா காஜா எடுப்பவள். சட்டையிலும் கோட்டிலும் பொத்தான் நுழையும் துளை இருக்கிறதே, அதன் ஓரத்தை நூலால் நெருக்கமாகக் கட்டும் வேலை. நாலு தையல்கடைகளிலிருந்து துணி வாங்கிவந்து, இஸ்திரிக் கடைக்குப் பின்னால் இருந்த தன் ஒற்றை அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எடுப்பாள். ஒரு காஜாவுக்கு நாலு நிமிஷம். கல்யாணமாகி மூன்றாம் வருஷமே அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களோடு வந்து இரு என்று நானும் என் மனைவியும் கூப்பிடாத மாதமில்லை.

"உன் பொண்டாட்டி ரொம்ப நல்லவடா. அதனாலதான் வரமாட்டேன். வந்து கெடுத்துக்கவா?" என்பாள்.

என் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கினால் போதும், அவள் கண் அங்கேதான் போகும். நடுத்தெருவானாலும் நிறுத்தி, கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, என்னை நிற்கவைத்தபடியே தைத்து, நூலைப் பல்லால் கடித்து விடுவாள். போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு மானம் போகும். "ஆபீஸ் போறவன் ஆபீஸ் போறவன் மாதிரி இருக்கணும்" என்று முதுகில் ஒரு தட்டு தட்டுவாள்.

அன்று தையல்கடையில் துணிமூட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், வாசல் தூணில் கையை ஊன்றிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பின்பக்கமாக வந்த சரக்கு வேன் தூணோடு சேர்த்துக் கையை நசுக்கிவிட்டது. வலது கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். ஆள்காட்டி விரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "துணி அழுக்காயிடுச்சாடா?" என்றுதான் கேட்டாள்.

வழக்கை எங்கள் வக்கீலே எடுத்துக்கொண்டார். கணக்கை நான் போட்டேன். மாதம் எட்டாயிரம், வயது நாற்பத்தேழு, அதற்குரிய எண் பதின்மூன்று. ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் குறையாது என்று நினைத்தேன். ஏறக்குறைய ஐந்து லட்சம் வந்தது. இனி அவள் சாகும்வரை சோறும் வாடகையும் அதிலிருந்துதான். அவளுக்கு வேறு வேலை தெரியாது.

டாக்டரிடம் போகும் நாளுக்கு முன்பே மூன்று முறை படித்துப் படித்துச் சொன்னேன். "என்ன கேட்டாலும் முடியலைன்னு மட்டும் சொல்லுக்கா. வேற எதுக்கும் வாயைத் திறக்காதே." எங்களிடம் வருகிற மற்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தவர்கூட டாக்டர் அறை வாசலில் நொண்ட ஆரம்பித்துவிடுவார்.

நான் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கையைப் பார்த்த நர்ஸ், "பாவம், இனிமே ஊசியைக்கூடப் பிடிக்க முடியாதே" என்று சொல்லியிருக்கிறாள். என் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து நீட்டியிருக்கிறாள். அதில் ஒரே ஒரு காஜா. பதினோரு மாதம் எனக்குக்கூடத் தெரியாமல் பழகி, நடுவிரலுக்கும் மடங்காத விரலுக்கும் நடுவே ஊசியை இடுக்கி எடுத்தது. டாக்டர் நம்பாமல் தைத்துக் காட்டச் சொல்ல, மூன்று தையல் போட்டும் காட்டியிருக்கிறாள்.

வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "டாக்டரே அசந்துட்டாருடா தம்பி!"

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். பதினான்கு சதவீதம். கீழே, 'நுணுக்கமான தையல் வேலை செய்கிறார், நேரில் கண்டேன்' என்று ஒரு வரி. அந்த ஒரு காஜாவுக்கு ஐம்பது நிமிஷம் ஆனது என்று கேட்டபோதுதான் சொன்னாள். அது டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அத்தனை பேர் நடுவில் அவளைப் பார்த்துக் கத்தினேன். "உன் கைக்கு நீயே விலையைக் குறைச்சுட்டு வந்திருக்கியே! உனக்குப் புத்தி இருக்கா?"

"முடியறதை முடியாதுன்னு எப்படிடா சொல்றது?" என்றாள். எனக்குக் கோபம் போகவில்லை.

வக்கீல்தான் வழி சொன்னார். "கோர்ட்டுலயே தைக்கட்டும். ஒரு காஜாவுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஜட்ஜே பார்க்கட்டும். அப்புறம் அந்தப் பதினாலு நிக்காது."

நான் போய் அக்காவிடம், ஜட்ஜ் முன்னால் தைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் அதைத் தன் திறமையைக் காட்டக் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. திருத்தினால் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பழகினாள். "இப்போ நாற்பத்தஞ்சு நிமிஷம்தான்டா" என்று போனில் சொன்னாள். "நல்லது" என்றேன்.

சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். மேலே மின்விசிறி நூலை ஆட்டிக்கொண்டே இருந்தது. விரல் வியர்த்து ஊசி வழுக்கியது. பத்து நிமிஷத்தில் இரண்டு தையல், அதுவும் கோணல். எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை மூடிவைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து, முடித்துவிடாதே அக்கா, முடித்துவிடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சோறு போட்டுப் படிக்கவைத்த கை அது. அது தோற்க வேண்டும் என்று கும்பிட்டேன்.

ஊசி கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தது கண்ணுக்குத் தெரியாமல், தரையில் மண்டிபோட்டு இடது கையால் தடவித் தேடினாள்.

"போதும்மா. எழுந்திருங்க" என்றார் ஜட்ஜ்.

"இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க ஐயா. வீட்ல வருது. நேத்துகூட முழுசா எடுத்தேன். என் தம்பியைக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் தீர்ப்பு. பதினான்கு அல்ல, நாற்பதும் அல்ல. இந்தத் தொழிலை இவரால் இனி ஒருபோதும் செய்ய முடியாது, வருமான இழப்பு முழுமையானது என்று வாசித்தார்கள். பன்னிரண்டு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். ஒரு கைக்கு இத்தனை வருஷத்தில் நான் பார்த்த பெரிய தொகை. வக்கீல் என் தோளைக் குலுக்கினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருபோதும்னு வாசிச்சாங்க இல்ல?"

"அது பணத்துக்காக எழுதறது, அக்கா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் பஸ் டிக்கெட்டை மடித்துச் சின்னதாக்கினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் என் சட்டைக் கையில் போய் நின்றது. அங்கே பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மடியிலிருந்த பையின்மேல் அவள் கை ஒரு தடவை போனது, பிறகு நின்றுவிட்டது.

"நாளைக்கு ஆபீஸ் போறப்போ யார்கிட்டயாவது குடுத்துத் தச்சுக்கோ" என்றாள்.