“சர்க்கரை இல்லீங்க”

எண்பதுகளில் நான் திண்டிவனத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் டாக்டராக இருந்தேன். ஒரு நாள் காலை, மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்கு மண் அணைக்கும்போது மண்வெட்டி பட்ட கால் சீழ் வைத்து, காய்ச்சலோடு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது.

“சர்க்கரை இருக்காம்மா?” என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

“அது பணக்காரங்களுக்கு வர்றதுங்க. இவருக்கு சர்க்கரை இல்லீங்க.”

நான் கேட்டது வியாதியை. இல்லை என்றதும், இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்க்காமல் விட்டேன். குழறலுக்குக் காய்ச்சல்தான் காரணம் என்று நினைத்தேன். கிருமிகளின் நச்சு பட்டால் கல்லீரலால் புதிதாகச் சர்க்கரை செய்ய முடியாமல் போகலாம், மூளை பட்டினி கிடக்கும் என்று படித்துத் தேறியவன் நான்.

மாலையில் அவர் நினைவிழந்ததும் சந்தேகம் வந்து சோதித்தேன். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து, மனைவியைப் பார்த்து, “யாருங்க நீங்க?” என்றார்.

“கிண்டல் பண்ணிக்கினு இருக்காருங்க,” என்று அந்த அம்மா சிரித்தார்.

புண் ஆறி வீட்டுக்குப் போகும் நாளிலும் அவர் அதையேதான் கேட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியதற்காக என்னைக் கும்பிட்டார். தவறு என்னுடையது என்று நான் சொல்லவில்லை.