அத்தை கையால் விழாத கொழுக்கட்டை

நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குப் பிறந்தவள் என் மகள். அவள் தும்மினாலே டாக்டரிடம் ஓடுவேன். அந்த ஓட்டத்தைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பது என் கணவரின் அக்காவுக்கு வழக்கம். அண்ணி என்றுதான் அவரை அழைப்பேன். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து அடிக்கடி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார்.

அண்ணி வந்திருந்த ஒரு நாள், விடிந்ததிலிருந்து குழந்தைக்குப் பேதி. உடம்பு கொதித்தது. கணவர் ஷிப்டில் இருந்தார், போன் எடுக்கவில்லை. ஸ்கூட்டி சாவியைத் தேடினேன். அது அண்ணியின் இடுப்பில் செருகியிருந்தது.

"பல்லு மொளைக்குதுடி. பேதி போவத்தான் செய்யும். ஊர்ல நீ ஒருத்திதான் புள்ள பெத்தியா? சும்மா அழுதுகினு நிக்காத."

"சாவியக் குடுங்க அண்ணி."

"தர மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி குத்தியே புள்ளைய நோயாளி ஆக்கிடுவானுங்க."

மத்தியானத்துக்குள் மகளுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தது. எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் வண்டியின் பின்னால் குழந்தையோடு ஏறிக்கொண்டேன்.

"பல்லு வந்தா ஈறு அரிக்கும், எச்சில் வடியும். இது பேதியில ஒடம்புத் தண்ணி வத்திப் போனதும்மா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா..." என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்திய இடத்திலேயே நான் இன்னும் நிற்கிறேன்.

மகள் தேறினாள். சில வாரம் கழித்துத்தான் கீழ் ஈற்றில் பல் எட்டிப் பார்த்தது. முதல் பல் வந்தால் குழந்தையைத் துணிமேல் உட்காரவைத்து, தலையில் சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளைக் கொட்டுவோம். கொட்டுவது அத்தையின் உரிமை. அண்ணியை நானே போன் செய்து அழைத்தேன். கணவருக்கு ஆச்சரியம்.

பட்டுப்புடவையில் வந்தார். "எங்க வூட்டுப் பல்லு, வரிசையா வரும் பாரு" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். நான் கொழுக்கட்டைக் கிண்ணத்தை எதிர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன்.

"இன்னாடி இது? அத்தை நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்!"

"நீங்க சாவியப் பத்திரமா வச்சுக்கிட்டு நில்லுங்க அண்ணி. அன்னிக்கு வண்டி எடுத்தவங்க கொட்டட்டும்."

கொழுக்கட்டைகள் உருண்டன. பிள்ளைகள் பொறுக்கினார்கள். ஒன்று அண்ணியின் காலடியில் போய் நின்றது. அவர் குனியவில்லை. சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

"இவ்வளவு வேணாமே" என்றார் கணவர்.

எனக்கு இது போதவில்லை. இப்போது மேல் ஈறு வெளுத்துக்கொண்டு வருகிறது. மேல் பல்லுக்குக் கொழுக்கட்டை கொட்டும் வழக்கம் எங்களிடம் கிடையாது. நான் அதையும் நடத்தப்போகிறேன். முதல் அழைப்பு அண்ணிக்குத்தான்.