இடதுகைப் பொட்டு

செவ்வந்திக்கு எந்த வேலை கிடைத்தாலும் அவள் அப்பா கண்ணையன் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பர்மனென்டா?"

நியாயமான கேள்விதான். வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிள் மிதித்து இருபத்தாறு வருஷமாக நெய்வேலிச் சுரங்கத்துக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் வந்தவர் அவர். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிப் போடுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமும் மண் சிந்துவது ஒரு நாள்கூட நிற்கவில்லை. வாரிப் போடுகிறவரின் வேலை மட்டும் வருஷா வருஷம் முடிந்து, வருஷா வருஷம் தொடங்கியது.

2009-ல் பட்டப்படிப்பு முடித்த கையோடு செவ்வந்தி டவுன்ஷிப்பில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் சேர்ந்தாள். படத்துக்கு அடியில் ஓடுகிற வரிகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். முத்தாண்டிக்குப்பத்தில் காதணி விழா, பிளாக் பன்னிரண்டில் பழுப்பு நிறப் பசுவைக் காணவில்லை, அடையாளம் கொம்பில் பச்சை பெயின்ட். ஒரு நாள் இரண்டு வரியும் கலந்து, காதணி விழாவில் பசுவைக் காணவில்லை என்று ஓடிவிட்டது. விழா வீட்டாரே போன் செய்து, பசு இங்கேதான் நிற்கிறது என்றார்கள். பச்சைக் கொம்புதான். இது தனக்கேற்ற துறை என்று செவ்வந்திக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

கேபிள்காரரின் மச்சான் மூலம் சென்னை வளசரவாக்கத்தில் கிளமென்ட் என்கிற டிவி தொடர் தயாரிப்பாளரிடம் போய் நின்றாள். புரொடக்‌ஷன் வேலைக்குப் பெண்ணா என்று அவர் யோசித்தார்.

"டீ போடத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். மூடின டீக்கடையைத் தெறக்க வைக்கத் தெரியும்."

சேர்த்துக்கொண்டார். கதை எழுதுகிறவர் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுப் போய்விடுவார். எழுதியது மறுநாள் காமிரா முன்னால் நிற்க வேண்டும். காலை ஆறு மணிக்குச் சினைமாடு. ஒன்பதுக்கு மழை. மதியம் ஒரு மணிக்கு, கழுத்தில் தாலியோடு கிணற்றில் குதிக்கிற பெண்ணும், குதிக்க விடுகிற கிணறும். நான்கு வருஷம் எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்தினாள். உதவியாளர் மேனேஜர் ஆனாள், மேனேஜர் நிர்வாகத் தயாரிப்பாளர் ஆனாள். தொடரின் முடிவில் பெயர்கள் மேலே ஓடும்போது, சாப்பாட்டுக்காரர்களுக்கு அடுத்ததாக அவள் பெயரும் ஓடும். கண்ணையன் எழுத்துக்கூட்டி 'செவ்வ' வரைக்கும் வருவதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

"பர்மனென்டா?"

"இல்லப்பா."

2014 தொடக்கத்தில் கிளமென்ட் ஒரு சின்னச் சேனலுக்குச் சுரங்கத் தொழிலாளி குடும்பத்தைப் பற்றி ஒரு தொடர் எடுத்தார். சென்னையில் வீடு அமையவில்லை.

"நெய்வேலிக்கே போயிடலாம் சார்," என்றாள் செவ்வந்தி. "குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. கண்ணக் கட்டி விட்டாலும் எனக்கு வழி தெரியும்."

அவளைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. எட்டு வயசிலிருந்து பதினைந்து வயசு வரைக்கும் அம்மா ஆதிலட்சுமியோடு குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் பால் ஊற்றியவள். எந்த வீட்டுப் பின்கதவு இழுத்தால் திறக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அத்துப்படி. பின்கதவைத் தாண்டி உள்ளே மட்டும் போனதில்லை. பால்காரியை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை.

சிங்காரவேல் என்கிற சுரங்க ஆபரேட்டரின் குவார்ட்டர்ஸ் அமைந்தது. ஜெனரேட்டர் வைக்க, ஒரே சுவரில் ஒட்டிக் கட்டிய பக்கத்து வீட்டின் வாசலும் தேவைப்பட்டதால், டவுன்ஷிப் ஆபீசில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே அனுமதி வாங்கினாள். எண்பது எபிசோடு ஓடியது. மே மாசக் கடைசியில் கிளமென்ட் கூப்பிட்டார்.

"இதுல எனக்கு ஓடி ஓடி அலுத்துப் போச்சும்மா. ஜூன் கடைசியோட சேனல் குடுத்த ரெண்டாவது பதிமூணு வாரம் முடியுது. அதுவரைக்கும் ஒரு நாள்கூட விடாம ஓட்டி, சேனல்ல அடுத்த பதிமூணு வாரம் வாங்கிட்டியானா, தயாரிப்புன்னு உன் பேரப் போட்டுக்க. ஒரு நாள் விட்டாலும் கடையச் சாத்திடுவாங்க."

அந்த மாசம்தான் சிங்காரவேல் ரிடையர் ஆனார். ரிடையர் ஆனாலும் சில மாசம் குவார்ட்டர்ஸில் இருப்பார்கள் என்று செவ்வந்தி கணக்குப் போட்டிருந்தாள். சிங்காரவேல் திருவதிகையில் வீடு கட்டி முடித்திருந்தார். ஆனி பிறந்தால் கிரகப்பிரவேசத்துக்கு நாள் கிடையாது. வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார். பால் காய்ச்சின வீட்டில் அன்றைக்கே படுக்க வேண்டும் என்பதால் படுத்தார். இனி அங்கேதான் என்பதால் குவார்ட்டர்ஸ் சாவியை ஆபீசில் கொடுத்தார். எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். செவ்வந்தியிடம் சொல்வதற்கு மட்டும் எந்த முறையும் இல்லை.

எடுத்து முடித்ததில் அவள் கையில் நான்கு எபிசோடுதான் இருந்தது. புது அனுமதிக்கு மூன்று வாரம் ஆகும். பக்கத்து வீடு பழைய அனுமதியிலேயே இருந்ததால், அந்த வீட்டு வள்ளியம்மாளிடம் ஓடினாள். வள்ளியம்மாளின் கணவர் ஷிப்ட் போயிருந்தார்.

"எடுத்துக்கிங்க. ஆனா நான் இங்கதான் உக்காந்துகினு இருப்பேன்," என்றாள் வள்ளியம்மாள்.

டைரக்டர் சிலம்பரசன் உள்ளே போய், பழக்கத்தில் வலது பக்கம் திரும்பினார்.

"செவ்வந்தி, சமையல்கட்டு எங்க?"

"வலது பக்கம் சார்."

"வலது பக்கம் கட்டில் இருக்கு."

சமையல்கட்டு இடது பக்கம் இருந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. ஒரே தண்ணீர்க் குழாய் இரண்டு சமையல்கட்டுக்கும் போகட்டும் என்று, கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கட்டியிருந்தார்கள். ஏழு வருஷம் பால் ஊற்றியவளுக்கு இது தெரியாது.

எண்பது எபிசோடாக வலது பக்கம் போய்க் காபி போட்ட மருமகள் நாளையிலிருந்து கட்டிலில் போய்க் காபி போட வேண்டும். செவ்வந்தி கொஞ்ச நேரம் கொல்லையில் நின்றாள். அங்கே நின்றால்தான் அவளுக்கு இந்த வீடுகள் புரியும். திரும்பி வந்து சொன்னாள்.

"எடிட்டிங்ல படத்தத் திருப்பிடலாம் சார். இடது வலதாயிடும்."

"ஆளுங்களும் திரும்பிடுவாங்களே?"

"அதுக்குத்தான் எல்லாரையும் இங்க மாத்திச் செய்ய வெக்கலாம்."

அப்படித்தான் மாமியாராக நடித்த பெரியநாயகி முந்தானையை வலது தோளில் போட்டாள். ஒட்டு மூக்குத்தி இடம் மாறியது. மகனாக நடித்தவன் வகிட்டை மாற்றி எடுத்தான். எழுத்து திரும்பித் தெரியும் என்று காலண்டரைக் கழற்றினார்கள். பூஜை அலமாரிப் பிள்ளையார் திருப்பினால் வலம்புரி ஆகிவிடுவார் என்று சிலம்பரசன் சொல்ல, பண்ருட்டிக்கு ஆள் அனுப்பி வலம்புரிப் பிள்ளையார் படம் வாங்கி வந்து வைத்தார்கள். திருப்பினால் சரியாகிவிடுவார்.

வள்ளியம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"வலம்புரிப் புள்ளையார வூட்டுல வெச்சா தெனம் குளிச்சு முழுகி ஆச்சாரமா பூசை பண்ணணும். யார் பண்றது?"

"ரெண்டு வாரம்தாங்க்கா. நானே பண்றேன்."

செவ்வந்தி பண்ணினாள். தினம் காலை ஐந்தரைக்குக் குளித்து வந்து பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டு, ஆறு மணிக்கு எல்லாருக்கும் இடது கையில் இட்லி சாப்பிடச் சொல்லிக்கொடுத்தாள்.

"முப்பது வருஷமா நடிக்கிறேன்," என்றாள் பெரியநாயகி. "இப்பத்தான் சோறு துன்னக் கத்துக்கினு இருக்கேன்."

"எங்க வூட்டுல எந்த ஜென்மமும் இடது கையால துன்னதில்ல," என்றாள் வள்ளியம்மாள்.

"டிவில வலது கையாத்தாங்க்கா தெரியும்."

"டிவிக்குத் தெரியும். என் வூட்டுக்குத் தெரியாதா?"

மருமகள் ஊருக்குக் கிளம்புகிற காட்சியில் பெரியநாயகி இடது கையால் அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். வள்ளியம்மாள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அந்தப் பொண்ணு வெளங்குமா?"

அந்த எபிசோடின் பதினொரு காட்சிகளையும் ஹார்ட் டிஸ்கில் போட்டுப் பஸ்ஸில் சென்னைக்கு அனுப்பினாள். எடிட்டர் பத்துக் காட்சியைத் திருப்பினார். பதினொன்றாவது வேறு ஃபோல்டரில் இருந்ததாம்.

அந்த எபிசோடு ஒளிபரப்பான அன்று சாயங்காலம் ஆறரைக்கு வள்ளியம்மாள் வீட்டு டிவியிலேயே செவ்வந்தி பார்த்தாள். மாமியார், முந்தானையை மாற்றிப் போட்டு, வலம்புரிப் பிள்ளையார் முன்னால், இடது கையால் மருமகளுக்குப் பொட்டு வைத்து, நல்லா இரும்மா என்றாள்.

"இது ஒண்ணத் திருப்பலையே," என்றாள் வள்ளியம்மாள்.

பத்து நிமிஷத்தில் கிளமென்ட் போன் செய்தார். சேனலில் வரச் சொல்கிறார்கள் என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி பஸ் முழுக்க அவள் வேறு என்ன வேலைக்குப் போகலாம் என்று யோசித்தாள். கொம்பில் பச்சை பெயின்ட் அடித்த பசு ஞாபகம் வந்தது.

சேனல் அதிகாரி ஒரு நோட்டைத் தள்ளினார்.

"நேத்துலேர்ந்து முந்நூறு போன். மாமியார் செய்வினை வெக்கிறாங்களான்னு கேக்குறாங்க. முந்தானை, புள்ளையார், இடது கை, ஒண்ணு விடாம கவனிச்சிருக்காங்க. எங்ககிட்ட கதையே சொல்லாம எப்படி வெச்சீங்க?"

செவ்வந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்து என்ன ஆகும்?" என்றார்.

"அந்தப் பொண்ணு வெளங்காது சார்," என்றாள்.

"யார் யோசிச்சது?"

"நெய்வேலில வள்ளியம்மாள்னு ஒருத்தங்க சார்."

பதிமூன்று வாரம் கிடைத்தது. மாமியார் அதற்குப் பிறகு கடைசிவரை இடது கையிலேயே பொட்டு வைத்தாள். 'கதை ஆலோசனை: வள்ளியம்மாள்' என்று போட்டார்கள். பிள்ளையாரை யார் வைத்துக்கொள்வது என்பதில் தகராறு வந்து, கடைசியில் அவர் செவ்வந்தியோடு வளசரவாக்கம் போனார். ஐந்தரைக் குளியலும் கூடவே போனது.

ஜூலை முதல் வாரம் ஒரு நாள் அவள் வடக்குத்தில் இருந்தாள். ஆறரைக்குக் கண்ணையன் டிவி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். 'தயாரிப்பு: க. செவ்வந்தி' என்று வந்தது. முழுசாக நான்கு வினாடி நின்றது. அவர் எழுத்துக்கூட்டி முதலிலிருந்து கடைசி வரை படித்து முடித்தார். இன்ஷியலையும் சேர்த்துத்தான்.

"பர்மனென்டா?"

"பதிமூணு வாரம்பா. நல்லாப் போனா அடுத்த பதிமூணு வாரம்."

கண்ணையன் பதிமூன்று வாரத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"எங்க கான்ட்ராக்டர் எவ்வளவோ தேவல," என்றார். "வருஷத்துக்கு ஒருதபாதான் புதுப்பிப்பான்."

பிறகு ஸ்டூலை டிவிக்குக் கிட்டே நகர்த்திக்கொண்டார். மாமியார் குங்குமச் சிமிழைத் திறந்துகொண்டிருந்தாள்.