மனுவின் பின்பக்கத்தில் எழுதிய ஆவுடைத்தாய் அக்கா

ஆவுடைத்தாய் அக்கா இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படி வந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது. காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தான் போன் செய்தார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் பஸ்ஸின் பின்சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். அன்றைக்கு அந்தக் குரல் வரவில்லை. "தம்பி, அக்கா போயிட்டா. நெஞ்சு வலிக்குன்னா. ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார். சிவகிரியில் இருக்கும் அக்காவின் தங்கைக்கு ஆள் போயிருப்பதாகவும், அந்த ஆள் போய்ச் சேரும்வரை எந்தக் குரூப்பிலும் எதையும் போடவேண்டாம் என்றும் சொன்னார். அக்காவோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர் வேறு எப்படிப் பேசுவார்!

நான் சங்கரன்கோவிலில் எங்கள் எம்.பி.யின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எம்.பி. பெயரில் வருகிற முகநூல் பதிவு, பண்டிகை வாழ்த்து, இரங்கல், பிளக்ஸ் எல்லாம் என் கைவேலை. அதற்கு முன்னால் கல்யாண பிளக்ஸ் அடிக்கிற கடை வைத்திருந்தேன். அக்கா அதே அலுவலகத்தில் மனு வாங்குவார், கடிதம் எழுதுவார். இதை வாசிக்கிற உங்களில் பலர் அந்தப் படியேறி வந்தவர்கள்தான். ஜன்னலோரத்து மேசையில் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக உங்களைப் பார்த்து, "உக்காருங்க, மெதுவாச் சொல்லுங்க" என்றவரை மறந்திருக்கமாட்டீர்கள். எம்.பி. வருஷத்தில் பாதி நாள் டெல்லியில் இருப்பார். அவர் எழுதியதாக நினைத்து நீங்கள் பத்திரமாக வைத்திருக்கிற கடிதங்கள் எல்லாம் அக்கா எழுதியவை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'ஆவன செய்யப்படும்' என்று ஒரு பதில் தட்டிக்கொண்டு போய் நீட்டினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, இது பதிலா? வந்தவன் மூஞ்சியில கதவைச் சாத்துததுக்கு இது எம்புட்டோ நாகரிகமா இருக்குன்னுதான இதை எழுதுதாங்க?" என்றார். முடியாத காரியத்துக்கு 'முடியாது' என்றே அவர் எழுதுவார். ஏன் முடியாது, அது யார் கையில் இருக்கிறது, எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் போய்க் கேட்கவேண்டும் என்று மூன்று வரி. முடியாது என்கிற கடிதத்தில் கையெழுத்துப் போட எந்த எம்.பி.க்கு மனசு வரும்? எங்கள் எம்.பி. ஒரு மாதம் முரண்டு பிடித்தார். அப்புறம் குருவிகுளத்திலிருந்து விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி அந்த மாதிரிக் கடிதம் ஒன்றை லேமினேஷன் செய்து கொண்டுவந்தார். சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றுகொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, இதே விஷயத்துக்காக ஊரில் இன்னும் நாலு பேர் அலைவதாகவும், அவர்களிடம் காட்டி வீண் அலைச்சலைத் தடுப்பதாகவும் சொன்னார். எம்.பி. அன்றைக்கு மேசையில் கிடந்த 'முடியாது' அத்தனையிலும் கையெழுத்துப் போட்டார்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நடந்த கூத்தையும் சொல்லவேண்டும். பிளக்ஸில் எம்.பி.யின் படத்தை ஆள் உயரத்துக்கு வைத்திருந்தேன். கும்பிட்ட கை, பின்னால் கோபுரம், மேலே ரோஜாப்பூ. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். கூட்டத்தில் கைப்பிள்ளையோடு நிற்கிற பெண்ணுக்கு இந்த முகத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்டார். கடைசியில் பிளக்ஸ் முழுக்கக் குடிதண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, சிவகிரி பஸ் எங்கே நிற்கும் என்று பெரிய எழுத்தில் போட்டோம். எம்.பி. ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தார். டெல்லியிலிருந்து போன் வந்தது. "ஏம்மா ஆவுடை, என் மூஞ்சி எங்கனம்மா?" என்றார். "கும்பிட்டுக்கிட்டு நிக்கிய, அண்ணாச்சி. கிட்டக்க வந்து பார்த்தா தெரியும்" என்றார் அக்கா. அந்தப் பக்கம் எம்.பி. சிரித்தது எனக்கே கேட்டது. மறு வருஷம் தபசுக்கு அவரே, "போன தடவை மாதிரியே வச்சிருங்க" என்றார்.

இனி அந்தப் பின்பக்கத்துக்கு வருகிறேன்.

மனுவில் எல்லாரும் எல்லாவற்றையும் எழுதமாட்டார்கள். கடையில் எழுதிவாங்கி வருகிற மனு என்றால் 'சமூகம் உயர்திரு' என்று ஆரம்பித்து 'தாழ்மையுடன்' என்று முடிந்துவிடும். அக்கா மனுவை வாங்கி வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பார். அவர்கள் எழுதாமல் வாயால் சொன்னதை அதே தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். 'வலது காது கேட்காது.' 'அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை.' 'மாலையில்தான் வீட்டில் இருப்பார்.' திருப்பிப் பார்க்காமல் எந்த மனுவையும் தொடக்கூடாது என்பது அவர் எனக்குப் போட்ட ஒரே சட்டம்.

இளையரசனேந்தல் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போன அவருடைய அண்ணன் மகன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். உடலைக் கொண்டுவர வேண்டும். அக்கா தூதரகத்துக்கு எழுதினார், டெல்லிக்கு எழுதினார், தினமும் காலையில் முதல் வேலையாகப் போன் செய்தார். எம்.பி.யும் அமைச்சகத்துக்கு நேரில் போனார். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மதியம், உடல் மறுநாள் வருகிறது என்று உறுதியானது. எம்.பி. அமைச்சகத்தில் கடிதம் கொடுக்கிற படத்தை எனக்கு அனுப்பி, பதிவு போடச் சொன்னார். அக்கா அன்றைக்கு ஒரு வேலையாகத் திருநெல்வேலி போயிருந்தார். போகும்போது, "நான் வாரவரைக்கும் எதையும் போட்டுறாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் போட்டுவிட்டேன். எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது, வேறு காரணம் இல்லை. மனுவில் ஒட்டியிருந்த அந்தப் பையனின் பாஸ்போர்ட் படத்தை ஒரு பக்கம் வைத்தேன், எம்.பி.யின் படத்தை மறுபக்கம் வைத்தேன். 'தொடர் முயற்சியால்' என்று எழுதினேன், 'ஆழ்ந்த இரங்கல்' என்றும் எழுதினேன். படத்துக்காக அந்த மனுவைக் கையில் எடுத்தவன் அதைத் திருப்பவில்லை. பின்பக்கத்தில் அக்காவின் பென்சில் எழுத்தில் இருந்தது இதுதான்: 'தாய்க்கு இன்னும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பதாக நினைக்கிறார். உடல் வரும் நாள் தெரிந்ததும் தாயின் தம்பியை வரவழைத்துச் சொல்வார்கள்.'

அந்தத் தாயின் பெயர் சுப்பம்மாள். அவருக்கு ஒரே மகன். அந்த நேரத்தில் அவர் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நிரையில் நின்ற பெண்ணின் போனுக்கு என் பதிவு வந்திருக்கிறது. அவள், "யக்கா, இது உன் மகன்லா?" என்று படத்தைக் காட்டியிருக்கிறாள். சுப்பம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தப் பெண்தான் வாசித்துச் சொல்லியிருக்கிறாள், நான் எழுதியதை, ஒரு வரி விடாமல்.

அக்கா திருநெல்வேலியிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குக்கூடப் போகாமல் அடுத்த பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனார். அங்கே, பதிவைப் போட்டது தான்தான் என்று சொல்லிவிட்டார். ஊரே அவரை ஏசியிருக்கிறது. மறுநாள் எம்.பி. போனில் சத்தம் போட்டபோதும், "என் தப்பு, அண்ணாச்சி" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

போனை வைத்துவிட்டு அக்கா என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சிகிட்ட நீ சொல்லவேண்டாம். அவுக ரெண்டு நாள்ல மறந்துருவாக. அந்த அம்மாகிட்ட மட்டும் நீயே போயிச் சொல்லீரு. நான் சொன்னது பொய்லா? அது அப்படியே கிடக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் தேர்தல் வந்தது. அப்புறம் தபசு, அப்புறம் என் மகளுக்குக் காய்ச்சல். ஒருவன் ஒரு ஊருக்குப் போகாமல் இருக்க நினைத்துவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்? மாதம் ஒரு தடவையாவது அக்கா மனுக்கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "போனியாலே?" என்பார். "இல்லக்கா, போகணும்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்துத் தப்பித்திருப்பேன். அவர் அந்த வசதியைக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் இப்படியே போனது. போன வாரமும் கேட்டார்.

அத்தான் போன் செய்த அன்று மதியம், சிவகிரித் தங்கையும் வந்து சேர்ந்த பிறகு, எம்.பி. டெல்லியிலிருந்து பேசினார். குரல் உடைந்திருந்தது. அக்காவுக்கு ஒரு இரங்கல் எழுது என்றார். இத்தனை வருஷத்தில் எத்தனை இரங்கல் எழுதியிருக்கிறேன்! எழுதி நீட்டினால் அக்கா பாதியை அடித்துவிடுவார். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதினால், "அவரு வீட்டுல எத்தனை பேரு, அதை எழுது" என்பார். அன்றைக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். எழுதிவிட்டு, அடித்துத் தருவார் என்று ஜன்னலோரத்து மேசையைப் பார்த்துத் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மனுக் கொடுக்க வந்த ஒரு பெரியவர்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

எட்டாம் நாள் பஸ் ஏறினேன். சுப்பம்மாள் வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். ஆவுடைத்தாய் அக்கா இறந்துபோனார் என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதை வாங்காமலே, "அன்னைக்கு அந்தப் படத்தைப் போட்டது அக்கா இல்லம்மா. நான்தான்" என்றேன். அவர் செம்பை நீட்டியபடியே நின்றார்.

"தெரியும். அவ அந்த மாசமே திரும்பி வந்து எங்கிட்ட சொல்லீட்டா. போட்ட பையன் வருவான், அவன் வாயால சொல்லுவான்னா. வருசத்துக்கு நாலு தடவை வந்து இங்கன உக்காந்திருப்பா. வந்தானான்னு கேப்பா. வரலைன்னா, வருவான், கொஞ்சம் பயந்த பையன்னுவா" என்றார். பிறகு சொன்னார்: "வந்தா வையக் கூடாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா. அதான் வையல. இல்லைன்னா வஞ்சிருப்பேன், தம்பி. தண்ணியக் குடிங்க."

குடித்தேன். மகனின் படத்தைக் காட்டினார். பாஸ்போர்ட் படத்தில் இல்லாத ஒரு சிரிப்பு அதில் இருந்தது. அவனுக்குப் பிடித்த சாப்பாடு, அவன் போன நாளில் பெய்த மழை எல்லாம் சொன்னார். பஸ் நேரம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எம்.பி.யின் இரங்கலை நான் முகநூலில் போடவில்லை. வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, அத்தானிடம் நேரில் கொடுத்தேன். அந்த ஜன்னலோரத்து மேசைக்கு இன்னும் யாரும் வரவில்லை. இப்போதைக்கு மனுவையும் நான்தான் வாங்குகிறேன். மெதுவாகச் சொல்லச் சொல்கிறேன், பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து அவருடையதைப்போல வரவில்லை. அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தப் பழக்கமும், நான் வருவேன் என்று இரண்டு வருஷம் ஒரு வாசலில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த அவருடைய நம்பிக்கையும்தான். சாயங்காலம் மனுக்களைக் கட்டி வைக்கும்போது, தலையைத் தூக்காமல் இன்னும் ஒரே ஒரு தடவை "போனியாலே?" என்று அவர் கேட்கமாட்டாரா என்று இருக்கிறது.