டெனர் வரிசையில் இடியக்கா

தொலைபேசியை எடுத்து அவள் "ஹலோ" என்றால், எதிர்முனையில் இருப்பவர் "சார்" என்பார். இடியக்காவுக்கு அது சின்ன வயதிலேயே பழகிப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பாடியபோது, "யாருடி அது, அடியில உறுமுறது?" என்று டீச்சர் கேட்டார். வகுப்பே அவள் பக்கம் திரும்பியது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் 'இடி'. அன்றோடு பாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டவள், தேவாலயத்தில்கூட வாயை மட்டும் அசைத்துவிட்டு வருவாள்.

பிழைப்புக்கு அந்தக் குரலால் ஒரு குறையும் வரவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. "பிரேக்!" என்று ஒரு சத்தம் போட்டால் பழகுகிறவரின் கால் தானாக அழுத்தும். பக்கத்து வண்டிக்காரரும் சேர்ந்து அழுத்துவார்.

கணவர் நேர் எதிர். தபால் அலுவலக வேலை, ஒல்லி உடம்பு, கீச்சுக் குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். "கல்யாணத்தன்னைக்குக் குரலை மாத்தி எடுத்துக்கிட்டாங்க" என்று நாத்தனார் கேலி செய்வாள். தவக்காலம் வந்துவிட்டால், சாப்பாட்டு மேசை ஓரமிருந்த பழைய கீபோர்டில் ஈஸ்டர் பாட்டின் நான்கு குரல்களையும் தனித்தனியாக வாசித்துப் பார்ப்பார். பெண்கள் பாடும் சோப்ரானோ, ஆல்ட்டோ. ஆண்கள் பாடும் டெனர், பேஸ். வெங்காயம் நறுக்கியபடியே கேட்டுக் கேட்டு இடியக்காவுக்கு நாலும் மனப்பாடம். ஆனால் அவள் பாடி அவர் கேட்டதேயில்லை. "எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்" என்று அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார் மனுஷர்.

அந்த வருடம் பாடகர் குழுவின் தலைவி கார் ஓட்டப் பழக வந்தார். அவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டதும் வெடவெடத்தது. ஒரு நாள் ரவுண்டானாவில் வண்டி நின்றுபோக, பின்னால் ஹாரன்கள் அலற, டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. இடியக்கா வண்டியை ஒரு வெற்றுச் சாலைக்கு ஓரம்கட்ட வைத்தாள்.

"உங்க மனசு வண்டியில இல்ல டாக்டர். எங்க இருக்கு?"

"ஈஸ்டர் பாட்டுல. டெனருக்கு ஆளே இல்ல. ஒருத்தர் வெளியூர் போயிட்டார், இன்னொருத்தருக்கு ஆபரேஷன். மிச்சம் நம்ம தையல்கார அண்ணன்தான். அவருக்கும் பாதியில மூச்சு வாங்குது."

"சரி, அந்தப் பாட்டையே பாடிக்கிட்டு ஓட்டுங்க. நடுக்கம் நிக்கும்."

டாக்டர் ஆல்ட்டோவைப் பாடிக்கொண்டு ஓட்டினார். வண்டி வெண்ணெயில் கத்தி போல நகர்ந்தது. டெனர் மட்டும் பாட வேண்டிய இடம் வந்ததும் வாயை மூடி, மனசுக்குள் தாளம் எண்ணினார். சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த இடியக்காவின் தொண்டையிலிருந்து, அவளுக்கே தெரியாமல், அந்த வரி வந்தது. சுருதி பிசகாமல் வந்தது. டாக்டர் சடாரென்று வண்டியை நிறுத்தினார்.

"நான் சொல்லாம பிரேக் போடக் கூடாது டாக்டர்!"

"நீங்க டெனர்."

"நான் டிரைவிங் டீச்சர்."

"அது வாரநாள்ல."

மாட்டேன், முடியாது, ஆம்பளைங்க வரிசையில நிக்கறதா என்று இடியக்கா எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். டாக்டர் பிடித்த பிடியை விடவில்லை. அடுத்த ஒத்திகைக்கு அவள் போனபோது, ஆல்ட்டோவில் கூட்டம் சேர்க்க வந்திருக்கிறாள் என்று ஆர்கன் மாடியிலிருந்த கணவர் நினைத்துக்கொண்டார்.

அவள் டெனர் வரிசையில் போய் நின்றாள். "தங்கச்சி, பொம்பளைங்க அந்தப் பக்கம்" என்றார் தையல்காரர்.

"என்னை இங்கதான் நிக்கச் சொன்னாங்கண்ணே."

பேஸ் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். இடியக்காவுக்குக் காது சுட்டது. பழைய வகுப்பறை கண்முன் வந்து நின்றது. அந்த ஒத்திகையில் அவள் முணுமுணுத்ததோடு சரி; தையல்காரர் குரலிலும் ஆர்கன் சத்தத்திலும் அதுவும் அமுங்கிப்போயிற்று. கலைந்து போகும்போது தையல்காரர் பக்கத்தில் வந்தார். "இயேசுவோட கல்லறை காலின்னு முதல்ல ஓடிப்போய்ச் சொன்னதே பொம்பளைங்கதானே தங்கச்சி? நல்லா வாயைத் திறந்து பாடு. நான் உன் குரல் மேல சாஞ்சுக்கிறேன்."

ஈஸ்டர் விடியற்காலை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேவாலயம் நிறைந்திருந்தது. பாட்டு நன்றாகவே போயிற்று. அந்த இடம் வந்தது. ஆர்கன் அடங்க வேண்டும்; உயிர்த்தெழுந்த செய்தியை டெனர் தனியாக அறிவிக்க வேண்டும். தையல்காரர் மூச்சை இழுத்தார். இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இடியக்காவைப் பார்த்தார்.

வேறு வழியில்லை. அவள் பாடினாள். வகுப்பறையும் களுக்குச் சிரிப்பும் எங்கே போயினவோ தெரியாது. ஆழத்திலிருந்து எழும்பிய குரல் கூரை வரைக்கும் போய் நிறைந்து நின்றது. பேஸ் வரிசைக்காரர் வாயைப் பிளந்தார்.

ஆர்கன் மாடியில் கணவருக்கு முதுகுதான் பாடகர் பக்கம். தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில், தாளம் காட்டும் டாக்டரின் கை மட்டும் தெரியும். இந்தக் குரல் யாருடையது என்று யோசித்தவருக்கு, இது தன் வீட்டுக் குரல் என்று உறைத்ததும் விரல்கள் மடியிலேயே தங்கிவிட்டன. டாக்டர் சைகை காட்டினார். மறுபடியும் காட்டினார். திடுக்கிட்டவர் தாமதமாக, அத்தனை குழல்களும் ஒன்றாய் முழங்க உள்ளே நுழைந்தார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அது தப்பு என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஒரு பெரியம்மா தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன குரல் தம்பி உனக்கு!"

"நான் இருமினேன் பெரியம்மா. பாடினது இவ."

கணவர் கண் சிவக்க இறங்கி வந்தார். "இத்தனை வருஷமா இதை வச்சுக்கிட்டு என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"கேட்டிருந்தா பாடியிருப்பியா?"

இடியக்கா கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார், கீச்சென்று. அவளும் சிரித்தாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

அதன்பிறகு ஈஸ்டர்தோறும் டெனர் வரிசையில் அவளுக்கு இடம் உறுதி. வீட்டில்தான் புதுத் தலைவலி. அவர் மெதுவாக வாசிக்கிறார் என்பாள் அவள். அவள் ஓடுகிறாள் என்பார் அவர். ஒரே வரியை அவர் வாசிக்க, அவள் பாட, மறுபடியும் வாசிக்க, சாப்பாடு ஆறி அவலாகிப்போகும். இரண்டு பேருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.