காசிம் நானா கேட்ட இரண்டு சாட்சிகள்

சென்ற வியாழக்கிழமை காலை கந்தோரில் தேயிலைப் பெட்டிகளின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காசிம் நானாவின் கடை வேன் சாரதி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நானா சுபஹுத் தொழுகை நேரத்துல மௌத்தாகிட்டார், ஐயா. அஸர் தொழுகைக்குப் பொறகு அக்குறணையில அடக்கம். உங்களுக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னாங்க" என்றார். இன்னும் பல வீடுகளுக்குப் போகவேண்டும் என்று சொல்லி உடனே புறப்பட்டுவிட்டார்.

எனக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னார்களாம். அந்த வீட்டார் என்னை அவ்வளவு நெருங்கியவனாக நினைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நான் எழுதியே ஆகவேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். காசிம் நானா அவர்கள் கண்டி நகரில் துணிக்கடை வைத்திருந்தார்கள். வீடு அக்குறணையில். குள்ளமான உருவம், எந்த வெயிலிலும் கழற்றாத கறுப்புக் கோட்டு. துணி அளக்கும்போது கெஜக்கோலுக்கு வெளியே நாலு விரல் கூடுதலாக விட்டுத்தான் கிழிப்பார்கள். ஏன் என்று கேட்டால், "நனைச்சா சுருங்கும். அதுக்கு நீங்க ஏன் நட்டப்படணும்?" என்பார்கள். தினமும் காலையில் கட்டுகஸ்தோட்டை வழியாக வந்து, எங்கள் மஹய்யாவையைக் கடந்துதான் கடைக்குப் போவார்கள்.

எங்கள் பழக்கம் ஆரம்பித்ததே என் பழைய காரினால்தான். ஓய்வுபெற்ற தோட்டத்து டாக்டர் ஒருவரிடம் மலிவாக வாங்கியது. ஏற்றத்தில் முன்பக்கமாக ஏறினால் என்ஜினுக்குப் பெட்ரோல் வராது, ஆகவே பின்பக்கமாகத்தான் ஏற்றவேண்டும். ஒருநாள் நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தபோது தம் வேனை நிறுத்தி, "தம்பி, நீங்க வாறீங்களா, போறீங்களா?" என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். சிரிப்புத்தான் வந்தது.

கார் எனக்கு ஆடம்பரமல்ல. என் மகள் திரேசாவுக்குக் குழந்தையில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிவிட்டது. நகரத்துக் கன்னியர் பாடசாலைக்கு அவளால் நடந்து போகமுடியாது. கார் நின்றால் அவள் படிப்பும் நிற்கும். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொன்பதாம் ஆண்டு அந்தக் கார் ஒரேயடியாக நின்றுவிட்டது. இரும்பு விலைக்குப் போடலாம் என்று மெக்கானிக் கையை விரித்தார்.

கிளாக்கர் சம்பளத்தில் வேறொரு கார் வாங்கக் கையில் முழுக் காசு ஏது? மூன்று வழிகள்தாம் தெரிந்தன. செட்டியாரிடம் வீட்டு உறுதிப் பத்திரத்தை வைத்துக் கடன் எடுக்கலாம். மோட்டார் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டி, மீதியை வட்டியோடு மாதத் தவணையில் கொடுக்கலாம். மூன்றாவது வழியைக் காசிம் நானாவே வலிய வந்து சொன்னார்கள்.

"வட்டி எங்களுக்கு ஹராம், தம்பி. காசு நான் தாறன். புதுசு என்னத்துக்கு? நல்ல பழைய கார் ஒண்டு பாருங்க. முடிஞ்ச மாதிரி மாசாமாசம் தாங்க. ஆனா எழுதிக்கொள்ளணும். ரெண்டு சாட்சி வேணும். என்ட பக்கம் ஒராள், உங்கட பக்கம் ஒராள்."

என் பக்கம் ஒராள் என்றால் மஹய்யாவையில் யாரையாவது கூட்டிப் போகவேண்டும். கோட்டுப் போட்டுக் கந்தோருக்குப் போகிறவன் துணிக்கடையில் கடன் வாங்கினான் என்று எங்கள் மாதா கோயில் வாசலில் பேச்சாகும். அது ஒருபுறம் இருக்க, இத்தனை வருடம் பழகியும் இந்த மனிதர் நம்மை நம்பவில்லையே என்ற எரிச்சல் வேறு. "கந்தோர்லயே கடன் தர்றாங்க, நானா" என்று பொய் சொன்னேன். "அப்ப நல்லம்" என்று சந்தோஷப்பட்டார்கள்.

மோட்டார் கம்பெனியில் கதவைச் சாத்திக்கொண்டு கதிரையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். யாருக்கும் தெரியாது. அந்த மறைவு எனக்குப் பிடித்திருந்தது. பட்ஜெட் எல்லாம் மறந்து, இருந்த சேமிப்பை முதல் பங்காகக் கட்டி, கூரையும் கண்ணாடிக் கதவுகளும் வைத்த புத்தம்புதிய காரையே எடுத்தேன். என் மனைவி மட்டும், "நானா சொன்ன மாதிரி பழசா ஒண்ணு பாத்திருக்கலாங்க" என்றாள். அவளை அதட்டி அடக்கினேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு பூசை முடிந்து காரைச் சுற்றி நின்றவர்கள், காசிம் நானா உதவவில்லையா என்று கேட்டார்கள். "அவருக்கு நம்ம ஆளுங்க மேல நம்பிக்கை இல்லங்க. ரெண்டு சாட்சி கொண்டாங்கிறார்" என்றேன். அந்த ஒரு வாக்கியம் மஹய்யாவை முழுக்கப் போய்விட்டது. நத்தார் பண்டிகை உடுப்பை அவர் கடையில் எடுத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்துவந்த குடும்பங்கள் அந்த வருடம் வேறு கடைக்குப் போயின. எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு தேயிலை விலை விழுந்து கந்தோரில் சம்பளத்தை வெட்டினார்கள். மூன்று தவணை தவறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலேயே கம்பெனி ஆட்கள் இருவர் வந்து, காரை எடுத்துப்போகத் திறப்பைக் கேட்டார்கள். திரேசா காருக்குள் உட்கார்ந்திருந்தாள். "புள்ளைய எறக்குங்க" என்றார்கள். ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, அவள் தாய் அவளைத் தூக்கி இறக்கினாள். நான் என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை காசிம் நானாவின் வேன் எங்கள் வாசலில் நின்றது. "புள்ளைய ஏத்துங்க, தம்பி. நாங்க இந்த வழியாத்தானே போறம்" என்றார்கள். காரைப் பற்றி ஒரு சொல் இல்லை. திரேசாவை முன் ஆசனத்தில் இருத்திவிட்டு, தாம் பின்னால் துணிப் பொதிகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அவள் கடைசிப் பரீட்சை எழுதும்வரை, நான்கு வருடம், பாடசாலை நாளெல்லாம் அப்படித்தான் போனார்கள்.

முதல் மாதம் ஒருநாள் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்கள். "தம்பி, நான் உங்கள நம்பல்லண்டு யார்ட்டயும் சொன்னீங்களா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லுவனா, நானா?" என்றேன்.

"அப்ப வேற யாரோ சொல்லி ஈக்கிறாங்க." பிறகு, "சாட்சி கேட்டது உங்களுக்காகத்தான், தம்பி. நான் மௌத்தானா என்ட புள்ளைகள் வந்து கூடக் கேட்டா, நீங்க யார்ட்டப் போய்ச் சொல்லுவீங்க? அதுக்குத்தான் எங்கட மார்க்கத்துல எழுதச் சொல்லி ஈக்கி" என்றார்கள்.

அப்போதாவது அவர் காலில் விழுந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகளை அவர் வேனில் ஏற்றி அனுப்பிக்கொண்டே இரண்டையும் செய்யாமல் இருந்தேன். இதைவிடக் கேவலமான ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை.

சென்ற வியாழன் பிற்பகல் அக்குறணைப் பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. தொழுகைக்கு முன் மூத்த மகன் ரஷீது எழுந்து, தந்தை யாருக்காவது கொடுக்கவேண்டி இருந்தால் சொல்லும்படியும், யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னிக்கும்படியும் கேட்டார். அது அவர்கள் வழக்கமாம். பிறகு, வாசலருகே நின்ற என்னைத் தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, நீங்க வாப்பாவோட நெடுநாள் பழகினவங்க. உங்களுக்கு வாப்பா ஏதும் தரவேண்டி ஈக்கா?"

"இல்ல தம்பி" என்றேன்.

"மனசு நோக ஏதும் பேசி ஈக்கிறாரா?"

"இல்ல."

அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. நான் அவருக்கு என்ன செய்தேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. ஆகவே, மஹய்யாவையில் என் பேச்சைக் கேட்டு அந்தக் கடைப்படி ஏறாமல் இருந்த அத்தனை பேருக்கும் இப்போது சொல்கிறேன்: காசிம் நானா அவர்கள் நம்மில் ஒருவரையும் நம்பாமல் இருந்ததில்லை. நான் சொன்னது பொய்.

அடக்கத்தின்போது ரஷீது தம் உறவினர்களைச் சற்று விலகச் சொல்லி, குழியின் ஓரத்தில் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அந்த இடத்தில் நின்று மூன்று பிடி மண் போட்டேன். போய் வாருங்கள், நானா. என்னை மன்னிக்கும்படி உங்களிடம் கேட்க ஒன்பது வருடம் இருந்தது, நான் கேட்கவில்லை.